ஏர் ஷாக்கில் காற்று எங்கே போகிறது?

மவுண்டன் சைக்கிளின் பின்பக்கக் குலுக்கலை, உள்ளே அடைத்த காற்றால் தாங்கும் பாகம் ஏர் ஷாக். “ஷாக் லீக் ஆகிறது” என்று ஒருவர் சொன்னால், எது கசிகிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. காற்று இறங்குவதையும் அப்படித்தான் சொல்கிறோம். எண்ணெய் ஒழுகுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். பம்பைப் பொருத்தியதும் அளவு குறைந்து தெரிந்தால் அதுவும் லீக் என்றே பேச்சாகிவிடுகிறது. முதலாவதை வீட்டுத் திண்ணையிலேயே சரிசெய்யலாம். இரண்டாவதை வீட்டில் தொடக் கூடாது. மூன்றாவது கோளாறே அல்ல. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால், நல்ல ஷாக்கைப் பிரித்துக் கெடுப்பவர்கள் உண்டு. ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினால் தீர்ந்துவிடும் கசிவுக்காகப் புதிய ஷாக் வாங்குபவர்களும் உண்டு. இந்த வீண்செலவைத் தவிர்க்க அடிப்படை தெரிந்தால் போதும்.

ராமநாதபுரம் கரையில் மலை இல்லை. ஆனால் கண்மாய்க் கரைகள், பனங்காட்டு ஒற்றையடிப் பாதைகள், சீமைக்கருவேலங்காட்டு மண் தடங்கள் எல்லாம் மவுண்டன் சைக்கிளுக்கு ஏற்ற தரைதான். கூடவே, உப்பும் மணலும் கலந்த காற்று வீசும் இடமும் இதுதான். மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி, ஏர்வாடி, வாலிநோக்கம், தொண்டி என எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஷாக்கின் ரப்பர் பாகங்களுக்கு அது சோதனை. அதனால்தான் இங்கே சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாயை அடைத்த சைக்கிள் பம்பு

பழைய கைப்பம்பு ஒன்றை எடுத்து, காற்று வெளிவரும் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். முதலில் எளிதாக இறங்கும். போகப்போக எதிர்ப்பு கூடும். கடைசியில் எவ்வளவு அழுத்தினாலும் நகராது. கையை எடுத்தால் கைப்பிடி தானாக மேலே வரும். அடைபட்ட காற்று ஸ்பிரிங் ஆகிவிட்டது. இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இதுதான்.

ஏர் ஷாக்கும் இதே அமைப்புதான். பம்பின் குழாய்க்குப் பதிலாக அலுமினியக் காற்றுக்கூடு இருக்கிறது. பம்பின் கம்பிக்குப் பதிலாகப் பளபளப்பான தண்டு. கம்பியின் முனையில் தோல் வாசர் இருக்குமே, அந்த இடத்தில் ரப்பர் வளையம் சுற்றிய பிஸ்டன். சக்கரம் மேட்டில் ஏறும்போது தண்டு கூட்டுக்குள் போகிறது, காற்று நெரிகிறது, பிறகு விரிந்து தண்டை வெளியே தள்ளுகிறது.

அளவில்தான் பெரிய வேறுபாடு. மோட்டார் சைக்கிள் டயரில் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று இருக்கிறது. பின்பக்க ஏர் ஷாக்கில் ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 150, 200, சில சமயம் 250 பிஎஸ்ஐ வரை போகும். 200 பிஎஸ்ஐ என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 14 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். பிஸ்டனின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் மீது 170 கிலோவுக்கு மேல் விசை இருக்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டைத் திறக்கும் இடத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

காற்றின் கொள்ளளவோ மிகச் சிறியது. டயரில் கொஞ்சம் காற்று போனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஷாக்கில் அதே அளவு போனால் சைக்கிள் உட்கார்ந்துவிடும். ஷாக்குக்கென்றே மெல்லிய குழாயுள்ள தனிப் பம்பு விற்பதும், பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை இதில் வைக்கக் கூடாது என்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இதுவரை பார்த்தது: ஏர் ஷாக் என்பது வாய் அடைபட்ட பம்பு. உள்ளே அழுத்தம் மிக அதிகம், காற்றின் அளவு மிகக் குறைவு.

மெல்லிய வளையம் எப்படித் தாங்குகிறது?

கைப்பம்பின் தோல் வாசர் காய்ந்துபோனால் காற்று பக்கவாட்டில் நழுவும், டயரில் ஏறாது. அப்போது இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைப்பார்கள். தோல் மிருதுவாகிக் குழாயோடு ஒட்டியதும் பம்பு பழையபடி வேலை செய்யும். ஷாக்கின் கதையும் முக்கால் பங்கு இதுதான்.

காற்றை அடைத்து நிற்கும் ரப்பர் பாகத்துக்குப் பொதுப்பெயர் சீல். ஷாக்கில் இருக்கும் சீல்களில் பெரும்பாலானவை ஓ-ரிங், அதாவது குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரியும் ரப்பர் வளையம். அதை ஒரு பள்ளத்துக்குள் உட்காரவைத்து, எதிர்ச்சுவரோடு சற்று நசுங்கும்படி பொருத்துகிறார்கள். காற்றின் அழுத்தம் கூடும்போது வளையம் பள்ளத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கே நெரிந்து, சுவரை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது. அழுத்தமே அடைப்பைப் பலப்படுத்துகிறது. 14 கிலோ விசையை ஒரு மெல்லிய ரப்பர் தாங்குவதன் ரகசியம் இதுதான். எனக்கு இந்தச் சாதனத்தில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று தேவைகள். ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும். உரசும் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் கசிவு தொடங்கும்.

இந்த மூன்றையும் காவல் காப்பது வைப்பர். தண்டு கூட்டுக்குள் நுழையும் வாயில், வெளியே தெரியும்படி இருக்கும் உதடுபோன்ற ரப்பர் அது. காற்றை அடைப்பது அதன் வேலை அல்ல. தண்டில் ஒட்டியிருக்கும் தூசியை வழித்து வெளியே நிறுத்துவதே அதன் வேலை. கடற்கரையில் முதலில் களைப்பது இதுதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகும் சாலையின் மேல் மணல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணலும், காற்றில் வரும் கடல்நீர்த் திவலையும் சேர்ந்து தண்டில் படிகின்றன. நீர் காய்ந்ததும் உப்புத் துகள் மிஞ்சுகிறது. ஒவ்வொரு மேட்டிலும் அந்தத் துகளும் மணலும் வைப்பரின் உதட்டை அராவுகின்றன. உதடு தேய்ந்ததும் மணல் உள்ளே போய் ஓ-ரிங்கை அறுக்கத் தொடங்குகிறது. உப்பு அலுமினியத்தையும் விட்டுவைப்பதில்லை. தண்டின் மேற்பூச்சில் கீறல் இருந்தால் அங்கே அரித்து நுண்ணிய குழி விழும். குழி விழுந்த தண்டில் எந்தச் சீலும் நிற்காது.

கழுவும் தண்ணீரையும் இங்கே யோசிக்க வேண்டும். கரையோர ஊர்கள் பலவற்றில் கிணற்று நீரே உவர். அதை ஊற்றிக் கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகிவிடும். ஒரு சொம்புக் குடிநீரில் துணியை நனைத்துத் தண்டை மட்டும் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வாகனம் கழுவும் இடங்களில் பீய்ச்சும் நீரை வைப்பரின் மீது அடிக்கவே கூடாது. அந்த வேகம் மணலை உள்ளே தள்ளிவிடும்.

பிஸ்டனின் மறுபக்கம்

பம்பில் இல்லாத ஓர் அறை ஷாக்கில் இருக்கிறது. பிஸ்டனுக்கு ஒரு பக்கம் நாம் காற்றடிக்கும் பிரதான அறை. மறுபக்கம் இன்னொரு சிறிய காற்றறை; இதை எதிர் அறை என்று சொல்லலாம். பிரதான அறை தண்டை வெளியே தள்ளும்போது, எதிர் அறை மெதுவாக உள்நோக்கித் தள்ளுகிறது. இந்த எதிர்ப்பு இல்லையென்றால் சிறு குலுக்கலுக்கெல்லாம் ஷாக் அசையாமல் விறைப்பாக நிற்கும்.

எதிர் அறைக்குத் தனி வால்வு பொதுவாக இருக்காது. பல ஷாக்குகளில் காற்றுக்கூட்டின் உட்சுவரில் ஒரு சிறு பள்ளம் வைத்திருப்பார்கள். பிஸ்டனின் சீல் அந்தப் பள்ளத்தின் மேல் வரும் கணத்தில் இரண்டு அறைகளும் இணைந்து அழுத்தம் சமமாகும். காற்றடித்த பிறகு இருக்கையை மெதுவாகப் பலமுறை அழுத்தச் சொல்வதன் பொருள் இதுதான்.

சுருக்கமாக: வெளியே காற்றை விடாத சீல்கள் சில, இரண்டு அறைகளையும் பிரித்து நிற்கும் சீல் ஒன்று. முன்னவை போனால் காற்று வெளியேறும். பின்னது போனால் காற்று வெளியேறாமலே சைக்கிள் தாழ்ந்து நிற்கும்.

கசிவே இல்லாத கசிவுகள்

நேற்று 200 அடித்தேன், இன்று பம்பை வைத்துப் பார்த்தால் 185தான் இருக்கிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். பம்பைப் பொருத்தும்போது அதன் குழாயும் அளவுமானியும் காலியாக இருக்கின்றன. அவற்றை நிரப்ப ஷாக்கிலிருந்து காற்று பாய்கிறது. ஷாக்கின் கொள்ளளவு சிறியது என்பதால் அந்தச் சிறு இழப்பே பத்து, இருபது பிஎஸ்ஐ குறைவாகத் தெரியும். சோதிப்பதற்காக நாமே காற்றை எடுத்துவிட்டு, காற்று போய்விட்டது என்கிறோம். பம்பைக் கழற்றும்போது வரும் ‘புஸ்’ சத்தமும் பெரும்பாலும் குழாயில் இருந்த காற்றுதான்.

இரண்டாவது மயக்கம் எதிர் அறையால் வருவது. காற்றடித்ததும் இருக்கையை அழுத்தினால் காற்றில் ஒரு பங்கு மறுபக்கம் போகும், முள் இறங்கும். மீண்டும் அடித்து, மீண்டும் அழுத்தி, முள் நிலைக்கும்வரை செய்ய வேண்டும்.

மூன்றாவது வெயில். மத்தியானம் 35 டிகிரியில் 200 பிஎஸ்ஐ இருந்த ஷாக், விடியலில் 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு துளிக் காற்றும் போகாமலே ஏறத்தாழ 193 ஆகிவிடும்.

அளவுமானியை நம்பிக் கசிவைத் தீர்மானிக்காதீர்கள். நம்ப வேண்டியது சோப்பு நீரையும், இந்தக் கட்டுரையின் கடைசியில் விளக்கும் தாழ்வு அளவையும்.

சோப்பு நீர்ச் சோதனை

ஷாக்கைத் துடைத்து, வழக்கமான அழுத்தத்துக்குக் காற்றடித்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்த குடிநீரை வால்வின் மேலும், காற்றுக்கூடு திருகும் இணைப்பிலும், வைப்பரைச் சுற்றியும் தடவுங்கள். சில நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். இருக்கையை ஒருமுறை அழுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

வால்வின் வாயில் குமிழி வந்தால் மகிழ்ச்சி அடையலாம். மோட்டார் சைக்கிள், கார் டயர்களில் இருக்கும் அதே வகை வால்வுதான் இது. உள்ளே இருக்கும் ஊசியைச் சற்று இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும். அதற்கான சிறு சாவி பஞ்சர் கடையில் கிடைக்கும். இறுக்கியும் நிற்காவிட்டால், ஷாக்கில் உள்ள காற்று முழுவதையும் இறக்கிய பிறகு, உயர் அழுத்தத்துக்கென உள்ள ஊசியை மாற்ற வேண்டும். கூட்டைப் பிரிக்க நினைப்பவர்கள் முதலில் இங்கே பார்த்துவிட வேண்டும்.

இணைப்பிலோ வைப்பரைச் சுற்றியோ குமிழி வந்தால் சீல் மாற்ற வேண்டும். எங்குமே குமிழி வராமல், காற்றடித்தும் ஷாக் எழாமல் அமுங்கியே நின்றால், அறைகளைப் பிரிக்கும் சீல் போய், காற்றெல்லாம் எதிர் அறையில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் இருக்கும் ஷாக்கைத் திறக்காதீர்கள். பிரதான அறையைக் காலி செய்தாலும் எதிர் அறையில் பெரும் அழுத்தம் மிஞ்சியிருக்கும். திருகைத் தளர்த்தும் கையையும் முகத்தையும் நோக்கிக் கூடு பாயும். அது பட்டறைக்குப் போக வேண்டிய ஷாக்.

எண்ணெய்ப் பக்கம் நம்முடையதல்ல

காற்று, ஸ்பிரிங்காக மட்டுமே வேலை செய்கிறது. அந்தத் துள்ளலை அடக்க, தண்டின் பக்கம் டேம்பர் என்ற தனிப்பகுதி இருக்கிறது. நுண்ணிய துளைகள் வழியே எண்ணெயைப் பாயவைத்து வேகத்தைக் குறைக்கும் பகுதி அது. பல ஷாக்குகளில் அந்த எண்ணெய்க்குப் பின்னால் நைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கவும் திரும்ப நிரப்பவும் தனிக் கருவிகள் வேண்டும்.

தண்டில் விரல் வைத்தால் மெல்லிய எண்ணெய்ப் பசை தெரிவது இயல்பு. வேண்டியதும் அதுதான். ஆனால் எண்ணெய் வழிந்து சொட்டினாலோ, அமுங்கும்போது ‘சளக் சளக்’ என்று சத்தம் வந்தாலோ, திரும்பும் வேகத்தை மாற்றும் திருகைத் திருப்பியும் ஷாக் கட்டுப்பாடின்றித் துள்ளினாலோ, பழுது டேம்பரில் இருக்கிறது. கருவிகளும் பழக்கமும் உள்ள சர்வீஸ் மையத்துக்கு அனுப்ப வேண்டும். மதுரையிலோ சென்னையிலோ விசாரித்து அனுப்பும் செலவு, வீட்டில் முயன்று கெடுக்கும் செலவைவிடக் குறைவு.

தயாரிப்பாளர்களும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கிறார்கள். ராக்ஷாக்ஸ் நிறுவனம் பின்பக்க ஷாக்குகளின் காற்றுக்கூட்டு சர்வீஸை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. டேம்பருக்கு 200 மணி நேரம். நம் கரையில் உப்புக் காற்றில் ஓட்டுபவர்கள் அந்த 50-ஐக் கடந்துபோக விடாமல் இருப்பது நல்லது.

கூட்டைத் திறத்தல்

உங்கள் ஷாக்கின் மாடலுக்கு உரிய சீல் தொகுப்பு கையில் வந்த பிறகே தொடங்குங்கள். மாடலுக்கான சர்வீஸ் கையேட்டைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் படித்துவிடுங்கள்; சிலவற்றில் கூடு திருகாக வரும், சிலவற்றில் ஒரு கம்பி வளையம் பிடித்திருக்கும். ஹைட்ராலிக் உதிரிபாகக் கடையில் கண்ணளவில் ஒத்துப்போகும் ஓ-ரிங்கை வாங்கிப் போடலாமே என்று தோன்றும். அசையாத இணைப்பில் அது சில நாள் தாங்கலாம். பிஸ்டனோடு ஓடும் இடத்தில் தாங்காது. ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு தடிமன் மாறினாலும் அங்கே உரசலோ கசிவோ வரும்.

வழக்கமான அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு காற்றை மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போதே இருக்கையை அழுத்தி அழுத்தி விடுங்கள். எதிர் அறைக் காற்றும் அப்போதுதான் பள்ளம் வழியாக வெளியே வரும். முழுதும் போன பிறகு மீண்டும் பலமுறை அழுத்தி, வால்வை மறுபடி அமுக்கிப் பாருங்கள். அவசரம் கூடவே கூடாத இடம் இது.

சட்டத்திலிருந்து ஷாக்கைக் கழற்றும்போது வாசர்களும் சிறு குழல்களும் எந்த வரிசையில் இருந்தன என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பில் இறுகிய போல்ட்டாக இருந்தால் துரு இளக்கும் எண்ணெயை ஷாக்கின் சீல் பக்கம் படாமல் போல்ட்டில் மட்டும் விட்டுக் காத்திருங்கள். பிறகு ஷாக்கின் கண் பகுதியை, அதாவது போல்ட் நுழையும் துளையுள்ள முனையை, இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைஸில் (பட்டறைப் பிடிகருவியில்) பிடியுங்கள். தண்டைப் பிடித்தால் அந்த நொடியே தண்டு பாழ். கூட்டின் மேல் கனமான துணியைச் சுற்றி, முகத்தை விலக்கி, ரப்பர் பட்டையால் பிடித்துத் திருகுங்கள். ‘ஸ்’ என்று சத்தம் கேட்டால் நிறுத்தி, அடங்கும்வரை காத்திருங்கள்.

கூடு வந்ததும் முதலில் தண்டைப் பாருங்கள். விரல்நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அந்தக் கீறல் புதிய சீலையும் அறுக்கும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேற்கொண்டு செய்யலாம். பழைய சீலை ஊசியால் நோண்டி எடுக்காதீர்கள். இரும்பு முனை பள்ளத்தில் கீறினால் அதுவே நிரந்தரக் கசிவு. கூராகச் சீவிய மூங்கில் குச்சி போதும். எந்தச் சீல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றாக மாற்றுவது குழப்பம் தவிர்க்கும்.

சுத்தம் செய்ய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். அவை சில வகை ரப்பரை ஊதச் செய்யும். படகு எஞ்சினுக்கு வைத்திருக்கும் கிரீஸையும் அதே காரணத்தால் தவிருங்கள். பம்பின் தோலுக்கு நல்லதாக இருந்த தேங்காய் எண்ணெயும் இங்கே உதவாது. கையேடு சொல்லும் சஸ்பென்ஷன் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். நிறையப் பூசினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மிகுந்த கிரீஸ் அறைகளை இணைக்கும் அந்தச் சிறு பள்ளத்தை அடைத்துவிடும், பிறகு எதிர் அறை நிரம்பாது. கையேடு கூட்டுக்குள் சில துளி எண்ணெய் விடச் சொன்னால் அந்த அளவு மட்டும். வைப்பரின் உதடு வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளாமல் சமமாக உட்கார வேண்டும். வேலை செய்யும் இடத்தில் காற்றில் மணல் பறந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

இரவு கழிந்த பிறகு

கூட்டைத் திருகி, ஷாக்கைச் சட்டத்தில் பொருத்தி, முதலில் 50 பிஎஸ்ஐ அடித்து மெதுவாக அழுத்துங்கள். தடையின்றி நகர்ந்தால் படிப்படியாக வழக்கமான அளவுக்குக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு படியிலும் அழுத்திக்கொண்டே. அதன் பிறகு சோப்பு நீர்.

குமிழி இல்லையென்றால் தாழ்வை அளந்துகொள்ளுங்கள். தாழ்வு என்பது ஓட்டுபவர் அமர்ந்ததும் ஷாக் தன் முழு ஓட்டத்தில் எவ்வளவு அமுங்குகிறது என்பது. தண்டின் மேல் இருக்கும் சிறு ரப்பர் வளையத்தை வைப்பரோடு ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக அமர்ந்து, துள்ளாமல் இறங்கினால், வளையம் நகர்ந்த தூரமே தாழ்வு. முழு ஓட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் வழக்கமான அளவு. 50 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஷாக்கில் 12.5 முதல் 15 மில்லிமீட்டர். அதைக் குறித்துவைத்து, மறுநாள் அதே நேரத்தில், அதே உடையில், பம்பைத் தொடாமல் மீண்டும் அளந்து பாருங்கள். அளவு மாறாதிருந்தால் சீல்கள் பிடித்துவிட்டன. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தால் கூட்டைத் திறக்க வேண்டாம், முதலில் வால்வில் சோப்பு நீரை வையுங்கள்.